சாராயச் சுருளோடு போன கல்யாணக் கார்

பெண்டாங் பக்கம் போகும் சல்லிக்கல் சாலையில் தனியாக நடந்துகொண்டிருந்தேன். தோளில் துணி மூட்டை. வெள்ளைச் சல்லியின் மேல் ஒரு சிவப்புச் சொட்டு தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்புறம் சாலையின் நடுவே, வரிசையாக, கோலப்புள்ளி போல.

மலாய் நாட்டில் வெள்ளைக்காரச் சர்க்கார் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அந்த அவசரகாலத்தில், சாலையில் ரத்தம் கண்டவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். ஆனால் வந்த வழியில் அன்று காலைதான் நான் வேலையை விட்டிருந்தேன். ஆக, ரத்தத்தின் பின்னாலேயே நடந்தேன்.

விட்டுவந்த வேலை

அந்த வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் தோட்டத்துக் கம்பிவேலியைத் தாண்டிச் சோறு கொண்டுபோகக் கூடாது என்று அப்போது சட்டம். காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். விடியற்காலையில் வாசலில் நின்று ஒவ்வொருவர் வாளியையும் தூக்கையும் திறந்து பார்க்க ஆள் தேவைப்பட்டது. படிப்பு நாலாவதோடு நின்றாலும் எனக்கு நாலு எழுத்து தெரியும் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி என்னை நிறுத்தினார். வாளிக்குள் சோறு இருக்கிறதா என்று பார்க்க எழுத்து எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்று ஓர் அக்கா தன் தூக்கை நீட்டினாள். உள்ளே கையை விட்டுத் துழாவினேன். வெறும் வரக்காப்பிதான்.

"கைய கழுவிட்டு வந்தியாடா?" என்றாள்.

என் கையைப் பார்த்தேன். கழுவவில்லை. அந்தக் காப்பியை அவள் என் கண்ணெதிரே கீழே ஊற்றிவிட்டு, வெறும் வயிற்றோடு பால் வெட்டப் போனாள். அதற்கு மேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பெண்டாங்கில் நெல் அறுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. மூட்டையைக் கட்டினேன்.

எனக்கு எப்போதும் அப்படித்தான். ஒரு வேலையில் சேர யோசிப்பேன். விட யோசிப்பதில்லை.

ரத்தம் சிந்திய கார்

சாலை ஒரு வளைவில் திரும்பியது. அங்கே கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரங்களின் நிழலில் ஒரு கார் நின்றது. கார் என்று சொன்னால் போதாது. எங்கள் லயத்து வரிசை வீடு இரண்டை ஒட்டவைத்த நீளம். பச்சை நிறம். முன்னால் பல் பல்லாக வெள்ளி மாதிரி ஏதோ மின்னியது. அதன் மேல் வாழைக்குருத்தும் சாமந்தி மாலையும் கட்டியிருந்தார்கள்.

காரின் கீழிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. சரி, இவர்தான் செத்தவர் என்று நினைத்தேன். கால்கள் அசைந்தன. காக்கிச் சட்டை போட்ட ஒருவர் ஊர்ந்து வெளியே வந்தார். முழங்கை வரை சிவப்பு.

"பயப்படாத தம்பி. எண்ணெய்" என்றார்.

அவர் பெயர் காதர். சுங்கை பட்டாணி டவுனில் கித்தா வாங்கும் சீன முதலாளி, தவுக்கே என்போம், அவருடைய டிரைவர். கார் தவுக்கேயுடையது, அமெரிக்காவில் செய்தது. அதில் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும் என்று காதர் அண்ணன் விளக்கினார். அப்படி மாறுவதற்கு ஒரு சிவப்பு எண்ணெய் வேண்டும். அந்த எண்ணெய் ஓடி ஓடிச் சூடாகிவிடும். அதனால் ஒரு பைப் வழியாக முன்னால் ரேடியேட்டருக்குப் போய் ஆறி, இன்னொரு பைப் வழியாகத் திரும்பி வரும். அந்தப் பைப்பில் ஒன்று, குழியில் விழுந்து விழுந்து, ஒரு போல்ட்டில் உரசிக் கீறிவிட்டது.

"எண்ணெய் போச்சுன்னா எஞ்சின் ஓடும். காடி ஓடாது" என்றார். மோட்டார் சாத்திரம் எனக்கு அதற்கு மேல் இன்றுவரை தேவைப்பட்டதில்லை.

கைவசம் இரண்டு டின் எண்ணெய் வைத்திருந்தார். ஒன்று அதற்குள் சாலைக்குப் போய்விட்டது. மிச்சம் ஒன்றுதான். அதுவும் தீர்ந்தால், பினாங்கில் மட்டும் கிடைக்கிற சரக்கு.

மூன்றாவது முறை மாப்பிள்ளை

காரின் பின் ஸீட்டில் பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பெருமாள் என்று பெயர். ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர், அதாவது டாக்டர் இல்லாத நேரத்து டாக்டர். தவுக்கேயின் காலில் வந்த சிலந்திக்கட்டியை அறுத்துக் குணப்படுத்தியவர் அவர். அந்த நன்றிக்குத்தான் கார். பக்கத்தில் அவருடைய அக்கா கண்ணம்மா, தாலியும் கூறையும் இருந்த தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு, காரையும் அமெரிக்காவையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

அவர் திட்டியதற்குக் காரணம் இருந்தது. பெருமாளுக்கு இது மூன்றாவது முயற்சி.

முதல் பெண்ணின் குடும்பத்தைச் சர்க்கார் ஒரே நாளில் லாரியில் ஏற்றி, கம்பிவேலி போட்ட புதுக் குடியிருப்பு ஒன்றுக்கு மாற்றிவிட்டது. எந்தக் குடியிருப்பு என்று இவர் கண்டுபிடித்துப் போனபோது, அந்தப் பெண் இடுப்பில் பிள்ளையோடு வந்து கதவைத் திறந்தது.

இரண்டாவது முறை பஸ்ஸில் போனார். வழியில் சோதனை. டிரெஸர் பெட்டி நிறைய மருந்தும் பஞ்சும் இருந்ததைப் பார்த்து, காட்டில் இருப்பவர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறான் என்று பிடித்து வைத்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் போகிறவன் எதற்கு மருந்துப் பெட்டி கொண்டுபோக வேண்டும் என்று நான் கேட்டேன்.

"பந்தியில யாருக்காச்சும் வயித்துப்போக்கு வந்தா?" என்றார் பெருமாள்.

இந்த முறையும் பெட்டி காலடியில் இருந்தது.

இப்போது பார்த்திருக்கிற பெண்ணின் அப்பா இன்னொரு தோட்டத்தில் கங்காணி. அவர் சொல்லி அனுப்பியிருந்தது இதுதான்: மறுநாள் விடியலில் முகூர்த்தம். சாயங்காலம் ஊரடங்குக்குத் தோட்டத்து வாசலை மூடுவார்கள். மூடினால் காலையில்தான் திறப்பார்கள், அதற்குள் முகூர்த்தம் போய்விடும். அடுத்தது ஆடி மாதம். மாப்பிள்ளை வாசல் மூடுவதற்குள் உள்ளே வராவிட்டால், இவனுக்குக் கல்யாண ராசியே இல்லை என்று முடிவு செய்து, அதே பந்தலில் தன் தங்கை மகனுக்குப் பெண்ணைக் கட்டிவிடுவார். தங்கை மகன் ஏற்கனவே தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தயாராக இருப்பதாகக் கேள்வி.

கித்தா வைத்தியம்

நாங்கள் மூவரும், அதாவது பெருமாளும் அக்காவும் நானும், தோட்டத்தில் பிறந்தவர்கள். ஓட்டை என்று ஒன்று கண்ணில் பட்டால் எங்கள் கை தானாகக் கித்தா மரத்தைத்தான் தேடும்.

கூரை ஒழுகினால் கித்தா. வாளி ஒழுகினால் கித்தா. கட்டை வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டால்கூட நடுவில் ஒரு துண்டு கித்தாவைச் செருகுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு தண்டல், ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவர், சொத்தைப் பல்லைக் கித்தாப் பாலால் அடைத்துக்கொண்டு பத்து நாள் வாயைத் திறக்க முடியாமல் இருந்தார். அந்தத் தோட்டம் அப்படி நிம்மதியாக இருந்ததே இல்லை என்பார்கள்.

ஆகையால் யார் முதலில் சொன்னது என்று சொல்ல முடியாது. நான் மரம் மரமாகப் போய், பால் சொட்டும் மங்குக் கிண்ணங்களில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை உரித்து வந்தேன். அக்கா அதை நாடாவாகக் கிழித்துக் கொடுத்தார். பெருமாள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குக் கீழே போய், பைப்பைச் சுற்றி இறுக்கினார். அதன்மேல் மருந்துப் பெட்டியிலிருந்து பேண்டேஜ் எடுத்து, முறிந்த காலுக்குப் போடுவதுபோல அழகாகக் கட்டினார். சொட்டு நின்றது.

காதர் அண்ணன் டவுன்காரர். கித்தா பற்றி அவருக்குத் தெரியாது. அவ்வளவு நம்பிக்கையான மூன்று முகங்களைப் பார்த்து அவரும் நம்பிவிட்டார். கடைசி டின்னில் பாதியை ஊற்றினார். எனக்கும் இடம் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக மெத்தை போட்ட கார் ஸீட்டில் உட்கார்ந்தேன். நெல் அறுப்பதைப் பற்றிய எண்ணம் அந்த நிமிஷமே போய்விட்டது.

பிறகு தெரிந்துகொண்டேன். கித்தா தண்ணீருக்கு அடங்கும். எண்ணெய்க்கு அடங்காது. எண்ணெய் பட்டால் ஊறி, உப்பி, கடைசியில் கூழாகிவிடும். கித்தாவிலேயே பிறந்து கித்தாவிலேயே சாகிற எங்களில் ஒருவருக்கும் இது தெரியாது. எங்களிடம் ஊற்றிப் பார்க்கிற அளவுக்கு எண்ணெய் இருந்ததில்லை.

சில மைல் போனோம். ஒரு மரப்பாலத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் சிங்கம் மாதிரி உறுமியது. கார் நகரவில்லை. கீழே பார்த்தால், பெருமாளின் கட்டு பூசணிக்காய் அளவுக்கு வீங்கித் தொங்கியது.

"என்னடா, சீழ் புடிச்சிருச்சா?" என்றார் அக்கா.

பெருமாள் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். வெயில் சாய ஆரம்பித்திருந்தது. அவர் அழவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. பழகிப்போனவர் முகம் அது.

ஒரே ஆடு மேய்த்தவர்

அந்த மரப்பாலம் எனக்குத் தெரிந்த பாலம்.

அதற்கு முந்தைய வருஷம் ஒரு மாதம் அங்கே விறகு சுமந்திருக்கிறேன். பாலத்துக்குக் கீழே ஓடும் ஆற்றோடு உள்ளே போனால், கித்தா உலர்த்தக் கட்டி, பிறகு கைவிட்ட புகைக்கொட்டகை ஒன்று உண்டு. அதில் சின்னச்சாமி என்பவர் சாராயம் காய்ச்சினார். ஆடு மேய்க்கிறேன் என்று சொல்லித்தான் தினமும் வேலிக்கு வெளியே வருவார். அவரிடம் இருந்தது ஒரே ஆடு. அதுவும் எப்போதும் ஒரு மாதிரி தள்ளாடியே நடக்கும்.

நான் ஓடினேன். அவர் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் நான் தேடிப்போனதும் இருந்தது. செம்புக் குழாய், பாம்பு போலச் சுருட்டி, தண்ணீர்ப் பீப்பாய்க்குள் உட்கார வைத்தது. ஆவி அதில் நுழைந்து, ஆறி, சாராயமாகச் சொட்டும்.

கேட்டேன். அவர் முடியாது என்றார். பெண்டாட்டியைக் கேள், ஆட்டைக் கேள், சுருளைக் கேட்காதே என்றார். மாப்பிள்ளையின் கதையைச் சொன்னேன். முதல் பெண் கதைக்கு அவர் அசையவில்லை. இரண்டாவது பயணத்தில் போலீஸ் பிடித்து வைத்த இடத்தில், அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"குடுக்குறேன். ஆனா ஒரு இடத்துலகூட வெட்டக் கூடாது. கல்யாணம் முடிஞ்ச கையோட கழட்டிக் குடுத்துடணும். நானும் கூடவே வருவேன்" என்றார்.

வெட்டக் கூடாது என்பதால், சுருள் சுருளாகவே காருக்குக் கீழே போயிற்று. பழைய பைப்பை முழுதாகக் கழற்றி, அதன் இரண்டு முனையிலும் இருந்த திருகுகளை அறுத்தெடுத்து, சின்னச்சாமி தன் குழாயின் முனைகளில் கோத்தார். முனைகளை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, ஒரு கூர் இரும்பை உள்ளே தட்டி, ஊமத்தம்பூ மாதிரி விரித்தார். காதர் அண்ணன் ஒரு பக்கம் கியர்ப் பெட்டியிலும் மறுபக்கம் ரேடியேட்டரிலும் முடுக்கினார். சுருளை, அக்கா கழற்றிக் கொடுத்த வாழைநார்க் கயிற்றால் காரின் வயிற்றோடு கட்டினோம். காரின் முகப்பு அலங்காரத்தைக் கட்டியிருந்த கயிறு அது.

மீதி எண்ணெயை ஊற்றி எஞ்சினைக் கிளப்பியதும் ஐந்து பேரும் குனிந்து பார்த்தோம். ஒரு சொட்டுக்கூட இல்லை.

"அது எஞ்சினோட குடல்"

அந்தச் சந்தோஷத்தில் பின்னால் யாரோ வந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது மூன்று துப்பாக்கிகள் எங்களைப் பார்த்தபடி இருந்தன.

ஒரு மலாய்க் கோப்ரல். அவரோடு இரண்டு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். அதில் ஒருவன் தமிழன், ஆரோக்கியம். பல மைலுக்கு முன்னால் சாலையில் ரத்தத்தைப் பார்த்து, சுடப்பட்ட ஆள் எவனோ போகிறான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்து வந்திருக்கிறார்கள். கோப்ரல் காதர் அண்ணனின் சிவந்த கையைப் பார்த்தார். டாரா என்றார். ரத்தம் என்று அர்த்தம். காதர் அண்ணன் டின்னைக் கவிழ்த்துக் காட்டினார். கோப்ரல் விரலில் தொட்டு முகர்ந்தார். அவர் முகத்தில் விழுந்த ஏமாற்றத்தைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது.

ஆனாலும் அவர் தன் கடமையை விடவில்லை. காருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லி ஆரோக்கியத்தை அனுப்பினார்.

ஆரோக்கியம் டார்ச்சோடு கீழே போனான். நெடுநேரம் வரவில்லை. சின்னச்சாமி தன் ஆட்டை அணைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பெருமாள் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆரோக்கியம் வெளியே வந்து, மண்ணைத் தட்டிவிட்டு, முதலில் சின்னச்சாமியைப் பார்த்தான். பிறகு கோப்ரலிடம் மலாயில் ஏதோ சொன்னான். அவர் தலையாட்டினார். பின்னால் நான் கேட்டபோது தமிழில் சொன்னான்.

"அது எஞ்சினோட குடல், அமெரிக்கக் காடிக்கு எல்லாம் வெளியிலதான் இருக்கும்னு சொன்னேன்லா. அவரப் புடிச்சுட்டா சனிக்கிழமை குடிக்க நான் எங்க போவேன் பின்ன?"

பன்னீர்

கோப்ரலின் காவல்நிலையம் அந்தக் கங்காணியின் தோட்டத்திலேயே இருந்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்ததில் அவருடைய பூட்ஸ் கடித்திருந்தது. கார் அங்கேதான் போகிறது என்று தெரிந்ததும் துப்பாக்கியைத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டார். மற்ற இருவரும் ஏறினார்கள். சின்னச்சாமி சுருளைப் பிரிய மாட்டேன் என்றார். ஆட்டை மட்டும் பாலத்துக்கடியில் கட்டிவிட்டு, கோப்ரலுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

கார் பறந்தது. காதர் அண்ணன் நம்பவே இல்லை. கியர் அவ்வளவு மென்மையாக, அவ்வளவு குளிர்ச்சியாக அதுவரை மாறியதில்லை என்றார். சின்னச்சாமிக்குப் பெருமை தாங்கவில்லை. வாயைத் திறந்தார். அக்கா அவர் காலை மிதித்தார்.

அப்போதுதான் வாசனை வந்தது.

சுருளுக்குள் பல வருஷமாக ஊறியிருந்தது, சூடு ஏற ஏற எங்கிருந்தோ வழி கண்டுபிடித்துத் தரை வழியாக மேலே வந்தது. கள்ளுக்கடை வாசலில் சம்பள நாள் சாயங்காலம் எப்படி இருக்கும், அப்படி. கோப்ரல் மூக்கைச் சுருக்கினார். குடிவகையைத் தொட்டும் பார்க்காத மனிதர் அவர், அது என்னவென்று தெரியவில்லை. காதர் அண்ணன் அமெரிக்க எண்ணெய் என்றார்.

கோப்ரலுக்குத் தெரியாது. கங்காணிக்குத் தெரியும். குடித்துவிட்டு வந்த மாப்பிள்ளை என்று ஒரு வார்த்தை போதும், தங்கை மகன் மணையில் உட்கார்ந்துவிடுவான். அக்கா சட்டென்று பன்னீர்ச் செம்பைத் திறந்தார். தம்பி மேல் தெளித்தார். எங்கள் மேல் தெளித்தார். கோப்ரலிடம் மன்னிப்புக் கேட்காமலே அவர் மேலும் தெளித்தார். கடைசியில் செம்பைக் கவிழ்த்துக் காரின் தரையில் ஊற்றினார். இப்போது சாராயமும் பன்னீரும் சேர்ந்து, வாசனை முன்பைவிட மோசமாயிற்று.

வாசல் கம்பிக்கதவை இரண்டு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கோப்ரல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு சத்தம் போட்டார். கதவு நின்றது. கார் உள்ளே போனது. எங்களுக்குப் பின்னால் கதவு மூடியது.

கங்காணி பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் சீவிய தலையோடு தங்கை மகன். பெருமாள் இறங்கினார். கங்காணி ஓர் அடி முன்னால் வந்தார், மூக்கு விடைத்தது.

"மாப்பிள்ள, ஊது."

அவ்வளவு பேர் முன்னாலும் பெருமாள் ஊதினார். அவர் வாயில் ஒன்றும் இல்லை, அவரைச் சுற்றித்தான் எல்லாம் இருந்தது. கங்காணி முடிவுக்கு வர முடியாமல் நின்றார். கோப்ரல் நொண்டிக்கொண்டே இறங்கி வந்து, வழி முழுக்கத் தான் கூடவே வந்ததாகவும், இந்த மனிதர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றும், இது அமெரிக்க எண்ணெய் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். ஒரு முஸ்லிம் போலீஸ்காரர் சொல்வதை எப்படி மறுப்பது? இருந்தாலும் கங்காணி வாயைத் திறந்தார்.

அப்போது காரிலிருந்து சின்னச்சாமி இறங்கினார்.

கங்காணி வாயை மூடிக்கொண்டார். விருந்துக்கு வேண்டிய திருட்டுச் சாராயத்துக்கு அவர் சின்னச்சாமியிடம்தான் சொல்லி வைத்திருந்தார். அது எங்களில் யாருக்கும் அப்போது தெரியாது. சின்னச்சாமி மட்டும் கோப்ரலைக் காட்டி ஒரு கண் சிமிட்டினார்.

"உள்ள வாங்க மாப்பிள்ள" என்றார் கங்காணி.

மறுநாள் காலை

விடிவதற்குள் தாலி ஏறிவிட்டது. மூன்றாவது முடிச்சு விழும்வரை பெருமாள் அண்ணாந்து பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார், அது தலையில் விழுந்துவிடும் என்பதுபோல. பந்தியில் யாருக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை. அதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

வாசல் திறந்ததும் சின்னச்சாமி சொன்னபடி தன் சுருளைக் கழற்றி, தோளில் மாலைபோல மாட்டிக்கொண்டு, ஆட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். மிச்சமிருந்த எண்ணெய் அதோடு போனது. அடுத்த காய்ச்சலைக் குடித்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஆரோக்கியம்தான் சொல்ல வேண்டும்.

கார் பந்தலுக்கு எதிரே படுத்துவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் கித்தாப் பால் ஏற்றும் லாரியில் ஏறினார்கள். இவ்வளவு பெரிய காரை இரவல் வாங்கியும் பொண்ணை லாரியில் கொண்டுபோகிறோமே என்று அக்கா புலம்பினார்.

"போறதுக்கு எதுல போனா என்னக்கா. வந்துட்டேன்ல" என்றார் பெருமாள். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

காதர் அண்ணன் புதுப் பைப்புக்கும் எண்ணெய்க்கும் பினாங்கு போக வேண்டியிருந்தது. அது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தாலும் வரும் என்றார். ஆளில்லாமல் நிற்கிற வண்டிகளைக் காட்டிலிருந்து வந்து கொளுத்திவிடுகிறார்கள், யாராவது கூடவே இருக்க வேண்டும் என்று தோட்டத்துத் துரை உத்தரவு போட்டிருந்தார். சாப்பாடு கங்காணி வீட்டில். காதர் அண்ணன் சாவியை என் கையில் கொடுத்தார். அதை வைத்து நான் என்ன செய்ய முடியும் என்று இருவருக்கும் தெரியும்.

"என்ன வேலைண்ணே?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. எங்கயும் போகாம இருக்கணும்."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தேன். பிறகு மூட்டையைப் பின் ஸீட்டில் போட்டுவிட்டு, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டேன்.